இப்னு கல்தூன்: பிரம்பும் அரசும்

மாக்கியவல்லியைப் படிக்காமல் அரசியல் விஞ்ஞானப் பாடத்தைக் கடக்க முடியாது. அவர் பிறப்பதற்கு 63 வருடங்களுக்கு முன்பே வபாத்தாகிவிட்ட இப்னு கல்தூனை நம்மில் பலர் பெயரளவில்தான் அறிவோம்.

1332 இல் தூனிஸில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். பின்னர் பெஸ், கிரனாடா, பிஜாயா என்று அரசவைக்கு அரசவை மாறினார். பதவிகள் கிடைத்தன; பெஸ் நகரில் ஏறத்தாழ இரண்டு வருடச் சிறைவாசமும் கிடைத்தது. கட்சி தாவுவோரைப் பார்த்துச் சலித்த நமக்கு அவரது இந்தக் காலம் உயர்வாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ஆனால், அதிகாரத்தை உள்ளேயிருந்து பார்த்த அந்த அனுபவமே 1377 இல், இன்றைய அல்ஜீரியாவின் இப்னு ஸலாமா கோட்டையில், ஐந்தே மாதங்களில் 'முகத்திமா'வாக உருவெடுத்தது.

'அஸபிய்யா' எனும் குழு உணர்வே அரசை எழுப்புகிறது, சொகுசு அதைக் கரைக்கிறது, மூன்று தலைமுறைகளில் அரசு தளர்கிறது என்பது அவரது புகழ்பெற்ற கருத்து. தொடக்கத்தில் குறைந்த வரியில் நிறைய வருமானம் பெறும் அரசு, முடிவில் கூடிய வரி விதித்தும் குறைவாகவே பெறும் என்றும் கணித்தார். மக்களுக்கு உழைக்கும் ஆசையே விட்டுப்போவதுதான் காரணம்.

ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன் என்ற வகையில் என்னை நிறுத்தியது வேறோர் அத்தியாயம். மாணவரைக் கடுமையாக நடத்தினால் உற்சாகம் போய்விடும், சோம்பல் வரும், தண்டனைக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழக்கமாகிவிடும் என்கிறார். அத்தோடு விடவில்லை. கொடுங்கோன்மைக்குக் கீழ் வாழும் சமூகங்களுக்கும் இதுவே நேர்கிறது என்கிறார். வகுப்பறையையும் அரசையும் ஒரே தராசில் வைத்த அரசியல் சிந்தனையாளர்கள் அரிது. சுருக்க நூல்கள் பெருகுவது கல்விக்குக் கேடு என்றும் எழுதியிருக்கிறார். பரீட்சைக்கு 'ஷோர்ட் நோட்ஸ்' விற்கும் காலத்தில் இதை வாசிக்கச் சிரிப்புத்தான் வருகிறது.

1382 இல் எகிப்து சென்றார். 1384 இல் மாலிக்கி மத்ஹபின் பிரதம காழியானார். அதே வருடம், அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தினர் கடலில் மூழ்கி மாண்டனர். செல்வாக்குள்ளவர்களுக்கு வளைந்துகொடுக்காததால் எதிரிகள் பெருகினர். பதவி பறிபோவதும் திரும்பக் கிடைப்பதுமாக இருந்தது. 1401 இல், முற்றுகையிடப்பட்ட டமஸ்கஸின் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்று தைமூரைச் சந்தித்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. ஆறாவது முறையாகக் காழியாக நியமிக்கப்பட்டு அதிக காலம் செல்லவில்லை. 1406 மார்ச்சில் கெய்ரோவில் வபாத்தானார்.