எல்லாரையும் பாட வைத்தவர்!



பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது நன்றாகப் பாடுகிற நான்கு பேரை முன்னால் நிறுத்துவார்கள். பின்வரிசையில் சிலர் வெறுமனே வாயை அசைத்துக்கொண்டு நிற்பார்கள். என் குரல் கட்டைக் குரலாயிற்றே, எனக்கு எதற்குப் பாட்டு என்று நீங்களும் நினைத்ததுண்டா? அந்தக் கட்டைக் குரலும் பாட்டுக்குத் தேவை என்று காட்டிய ஒருவரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

அவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது அவரது முழுப்பெயர். ஆமாம், ராமேஸ்வரம் ரயில் பாதையில் இருக்கிறதே, கடம் செய்வதற்குப் பெயர் பெற்ற அதே மானாமதுரைதான்! ஆனால், அவர் பிறந்தது இன்றைய ஆந்திராவில் உள்ள சித்தூரில். பிறந்த நாள் 1925 செப்டம்பர் 19.

சென்னையில் கல்லூரியில் படித்தபோதே மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டார். பிறகு டில்லி சென்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.கே.கோபாலனிடம் செயலாளராகப் பணியாற்றினார். விடுதலை வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாகிதாவை மணந்தார். ஜாலியன்வாலாபாக் பாடத்தில் கிச்லுவின் பெயரைப் படித்திருப்பீர்களே!

சீனிவாசனின் மனம் இசையிலேயே இருந்தது. 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தார். பலர் சேர்ந்து பணம் போட்டு எடுத்த படம் அது. மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தார். 1961 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, ஓர் இளைஞரை முதன்முதலாகச் சினிமாவில் பாட வைத்தார். சாதி, மத வேற்றுமை கூடாது என்னும் நாராயண குருவின் வரிகளை அந்த இளைஞர் பாடினார். அவர் யார் தெரியுமா? கே.ஜே.யேசுதாஸ்!

பாட்டைக் கேட்டு ரசிக்கும் நமக்குப் பாடகரின் பெயர் தெரியும். வயலின் வாசித்தவர், தபலா வாசித்தவர் பெயர் தெரியுமா? தெரியாதல்லவா? அவர்களுக்கும் உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்க வேண்டும் என்று, சினிமா இசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் சீனிவாசன் முன்னின்றார்.

அவருக்கு மிகவும் பிடித்தது சேர்ந்திசை. அது என்ன?

நம் ராமநாதபுரம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் பதில் பாட்டுப் பாடுவார்கள். அதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். அதில் கூட்டமாகப் பாடினாலும் எல்லாருக்கும் மெட்டு ஒன்றுதான். சேர்ந்திசை அப்படியல்ல. ஒரு வரிசை 'ச' பாடும்போதே, இன்னொரு வரிசை 'க' பாடும். மூன்றாவது வரிசை 'ப' பாடும். மூன்றும் மோதிக்கொள்ளாமல் ஒன்றோடொன்று இழைந்து ஒலிக்கும். கீழே கட்டைக் குரல் இல்லாவிட்டால் மேலே மெல்லிய குரல் எடுபடாது.

1950களில் அமெரிக்க நகரங்களில் கறுப்பின இளைஞர்கள் இப்படித்தான் தெருமுனைகளில் பாடினார்கள். வாத்தியம் வாங்க அவர்களில் பலரிடம் காசில்லை. அதனால் குரலையே வாத்தியமாக்கினார்கள். ஒருவர் பாட்டைப் பாடுவார். மற்றவர்கள் 'டூ-வாப்' என்பது போன்ற பொருளில்லாத ஒலிகளால் தாளமும் சுருதியும் சேர்ப்பார்கள். அந்தப் பாட்டுக்கு டூ-வாப் என்றே பெயர் வந்துவிட்டது. எழுபது ஆண்டுகள் கடந்தும் அதை விரும்பிப் பாடுகிறார்கள். நாலு நண்பர்கள் இருந்தால் போதுமே!

நம் நாட்டு இசையில் தனிக்குரலுக்குத்தான் முதலிடம். அதைச் சேர்ந்திசையாக்க முடியுமா? முடியும் என்று காட்டினார் சீனிவாசன். 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்தெடுத்தார். அதில் பாடியவர்கள் பெரிய வித்வான்கள் அல்லர். படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எனப் பலரும் இருந்தார்கள். பாரதியாரின் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வானொலியிலும் சேர்ந்திசையைப் பரப்பினார்.

சேர்ந்திசைப் பணிக்காகவே கடல் கடந்து லட்சத்தீவுக்குச் சென்றார். அங்கேயே, 1988 மார்ச் 9ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 62. ஆனாலும் பாட்டு நின்றுவிடவில்லை. அவரிடம் கற்றவர்கள் தொடர்ந்து பாடினார்கள், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

குழந்தைகளே, விடுமுறையில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் 'ச', ஒருவர் 'க', ஒருவர் 'ப' என்று ஒரே நேரத்தில் நீட்டிப் பாடுங்கள். முதலில் தடுமாறும், சிரிப்பும் வரும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே பாடினால் சரியாகிவிடும். யாரும் மற்றவரை அமுக்கிப் பாடக் கூடாது, அதுதான் விதி. வாயை மட்டும் அசைக்கும் உங்கள் வகுப்புத் தோழனையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வீர்கள்தானே?