நாடு விட்டு நாடு வந்த மரியா மொண்டிசோரி அம்மையார்

எமது ஊர்களிலே பிள்ளை முதன்முதலாக வீட்டுப் படலையைத் தாண்டிப் படிக்கப் போகும் இடத்தை ‘மொண்டிசோரி’ என்றே பலரும் சொல்கின்றோம். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், அவர் தம் முதுமையைச் சொந்த நாட்டுக்கு வெளியே கழித்தவர் என்பதையும் நினைப்பவர் சிலரே.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாராவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அங்கு வழக்கமில்லாத காலம் அது. தந்தையார் விரும்பவில்லை, தாயார் ரெனில்டே துணை நின்றார். 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். தந்தை உடன் பணியாற்றிய வைத்தியர், திருமணம் நடைபெறவில்லை. மணமாகாத தாய் பிள்ளையைத் தன்னோடு வைத்திருந்தால் தொழிலும் மதிப்பும் நிலைக்காத சமூகம் அது. நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றிடம் மகனை வளர்க்கக் கொடுத்தார். ஊரார் பிள்ளைகளின் மனத்தை ஆராய்ந்தவர், தம் பிள்ளை வளர்வதை எட்ட நின்றே பார்த்தார். மரியோ ஏறக்குறைய பதினைந்து வயதிலேயே தாயிடம் வந்து சேர்ந்தார்.

1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோமாபுரியின் சன் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே முதலாவது ‘பிள்ளைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பிள்ளைகளின் அளவுக்கேற்ற மேசை கதிரைகள், கையாற் தடவி அறியும் எழுத்துகள், தாமே பிழை கண்டு திருத்தக்கூடிய கருவிகள் எனப் புதிய முறை அங்கே உருவாயிற்று. அடிக்காமலும் அதட்டாமலும் பிள்ளை தானாகவே கற்கும் என்பதை உலகம் வந்து பார்த்தது.

பிள்ளைகளைத் தம் போர்வீரராக்க விரும்பிய முசோலினியின் ஆட்சியோடு அவரால் இணங்கிப் போக முடியவில்லை. இத்தாலியிலே அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் வாழ்ந்தார், 1936இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. ஒல்லாந்துக்குச் சென்றார். 1939இல், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, 69 வயதில், மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். முந்நூறுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மரியோ ஆங்கிலத்திற் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. தாயும் மகனும் ஒரே நாளில் பகைநாட்டவர் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அம்மையார் அடையாறிலேயே இருக்கப் பணிக்கப்பட்டார். துணையும் நாவும் ஒன்றாகவே பறிபோன நிலை. அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அவரது எழுபதாவது பிறந்தநாள். அதற்குப் பரிசாக வைசிராய் மரியோவை விடுவித்தார். உலகத்தாருக்கு நெடுங்காலம் மருமகன் முறையினராக அறிமுகமாகியிருந்தவர், அந்த அறிவித்தலிலே மகன் என்றே குறிக்கப்பட்டார்.

யுத்த காலத்தில் ஊர் திரும்ப வழியில்லை. அதை எண்ணி அவர் ஓய்ந்திருக்கவில்லை. கொடைக்கானலிலே இலைகளையும் பூச்சிகளையும் குளத்து உயிரினங்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்ந்தார். வளர்ந்த பிள்ளைகளுக்கான அவரது கல்விமுறை அங்குதான் முதிர்ச்சியடைந்தது. 1944இல் எமது இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1946இலே ஐரோப்பா திரும்பி, மீண்டும் இந்தியாவுக்கு வந்து கற்பித்தார். சமாதானத்துக்கான நோபெல் பரிசுக்கு மூன்று முறை பிரேரிக்கப்பட்டார்.

1952 மே 6ஆம் திகதி, 81 வயதில், ஒல்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரிற் காலமானார். இறந்த இடத்திலேயே அடக்கம் செய்ய வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே நடந்தது. அவருடைய பாடசாலைகளை ஒருகாலத்தில் மூடிய இத்தாலி, பின்னாளில் தனது ஆயிரம் லீரா நாணயத்தாளில் அவர் முகத்தை அச்சிட்டது.

எமது பழைய மாணவிகளுள் முன்பள்ளி நடத்துவோர் உளர்; அந்நிய நாடுகளிலே முதுமையைக் கழிப்போரும் உளர். மூன்று முறை இடம் பெயர்ந்த பின்னும், எழுபதைக் கடந்த வயதில் ஒரு குளக்கரையிலே பிள்ளைகளோடு குனிந்து நின்று புதிதாகக் கற்ற அம்மையார் இவ்விரு சாராருக்கும் உறவானவர்.