பூமியில் கோடு போட்ட ஒற்றைக் கண்ணர்

நிலத்தில் இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டினால், நடுவே ஒரே ஒரு நேர்கோடுதான் வரும். கரிசல் காட்டு விவசாயிக்கு இது தெரிந்த விஷயம். இதை வைத்தே ஒரு மனிதர் இந்திய நாட்டை அளக்கத் துணிந்தார். அவர்தான் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இலவசப் பள்ளியில் படித்துப் பட்டாளத்தில் சேர்ந்தார். சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண் கெட்டது. மற்றக் கண் போதும் என்று இருந்துவிட்டார்!

பரங்கிமலை அருகே

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் வேலை தொடங்கியது. இரண்டு முனைகளுக்கு நடுவே சுமார் ஏழரை மைல். அதை 100 அடி இரும்புச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அதனால் வெப்பத்தையும் குறித்து, கணக்கில் கழித்தார்கள். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்று தள்ளிய சங்கிலி அது!

அதன் பிறகு சங்கிலி அதிகம் தேவைப்படவில்லை. கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுப்பார்கள். இரு பார்வைகளும் சந்திக்கும் இடமே அந்தக் குன்று. தூரம் கணக்கில் வந்துவிடும். அந்தப் புதுக் கோட்டிலிருந்து அடுத்த முக்கோணம். இப்படியே போகும்.

அறுந்தது கயிறு!

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. குன்று இல்லாத தஞ்சைச் சமவெளியில் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றினார்கள். 1808-ல் நடந்தது இது. பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டம் வளைந்துபோனது.

வேறொருவராயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சரியான அளவில் ஒரு வட்டம் வரைந்து, வளைந்த பித்தளையை மயிரிழை மயிரிழையாக இழுத்து அதற்குள் பொருத்தினார். ஆறு வாரம் ஆயிற்று.

அவருடைய முக்கோணங்கள் திருநெல்வேலிச் சீமையைக் கடந்து கன்னியாகுமரி வரை சென்றன. 78-வது தீர்க்கரேகையை ஒட்டியது அந்தப் பெரிய அளவை. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தின் அருகே போகிறது அந்த ரேகை.

பின்னால் அவருக்கு உதவியாளராக வந்த எவரெஸ்ட்டின் பெயர் 1865-ல் சிகரத்துக்குப் போயிற்று. லாம்டனை அறிந்தவர் சிலரே. எழுபது வயதை ஒட்டியும் வடக்கே அளந்துகொண்டே போனவர், 1823 ஜனவரி 20-ந் தேதி ஹிங்கன்காட்டில் இறந்தார். இன்றைய மராட்டிய மாநிலத்தில் உள்ள ஊர் அது. அதுவும் பருத்தி விளையும் கரிசல் பூமிதான்.