ஓநாயைச் சுட்டவரே ஓநாய்க்காக எழுதினார்: யார் இந்த ஆல்டோ லியோபோல்ட்?

1909-ல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் முடித்த கையோடு, 22 வயதில் அமெரிக்காவின் அரிசோனா காடுகளில் வேலைக்குச் சேர்ந்தார் ஆல்டோ லியோபோல்ட். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தானே? அவரும் அப்படித்தான் நம்பினார். குட்டிகளோடு வந்த தாய் ஓநாயைச் சுட்டார்.

ஆனால், ஓநாய்கள் ஒழிந்த மலைகளில் நடந்ததே வேற. பெருகிய மான்கள் செடி, மரக்கன்று எல்லாத்தையும் மேய்ந்து தீர்த்தன. கடைசியில் பட்டினியால் செத்தன. ஓநாய் இருந்தால்தான் காடு பிழைக்கும் என்பது அவருக்குப் புரியப் பல வருஷம் ஆச்சு. 1944-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

1948-ல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய தீயை அணைக்கப் போனவர், மாரடைப்பில் இறந்தார். கட்டுரை அடுத்த வருஷம்தான் புத்தகத்தில் வெளிவந்தது. 1998-ல் அரிசோனா மலைகளில் 11 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது அரசு.