சைதாப்பேட்டையில் பாலம் கட்டிய ஆர்மீனிய வியாபாரி: யார் இந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான்?

ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து லெதர் கண்காட்சிக்காக ஐரோப்பா போய்வருபவர்களின் இன்ஸ்டாவில் ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கும். பின்னால் பழைய கல்பாலம், கீழே ஆறு. பிராக் என்றால் 1357-ல் கட்ட ஆரம்பித்த சார்லஸ் பாலம். ஃபுளோரன்ஸ் என்றால் 1345-ல் கட்டிய பொன்டே வெக்கியோ. ஒரு காலத்தில் கசாப்புக் கடைக்காரர்களும் தோல் பதனிடுபவர்களும் தொழில் செய்த பாலம் அது என்பதால் நம்ம ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் நெருக்கம்.

அந்த ஃபிளைட்டைப் பிடிக்க சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலை வழியாக ஏர்போர்ட் போகும்போது சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுவோம். அந்த மறைமலை அடிகள் பாலத்தில் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை. எடுக்கிற மாதிரியும் இல்லை, சாதாரண கான்கிரீட் பாலம்தான். ஆனால் அதே இடத்தில் 1726-லேயே ஒரு பாலம் இருந்தது. அதைக் கட்டியது அரசாங்கம் இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனியும் இல்லை. ஆர்மீனிய வியாபாரி ஒருவர், முழுக்க சொந்தக் காசில் கட்டினார். பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்.

இரானிலிருந்து மெட்ராஸுக்கு

'கோஜா' என்பது மரியாதைப் பட்டம். பெரிய வியாபாரிகளைப் பாரசீகத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். உஸ்கான் பிறந்தது 1680-களை ஒட்டி, இரானின் இஸ்பஹான் நகரத்தை ஒட்டிய நியூ ஜுல்ஃபாவில். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனியர்களைக் கூட்டமாக இடம்பெயர்த்துக் குடியமர்த்திய ஊர் அது. பட்டு வியாபாரம் அவர்கள் கையில் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜுல்ஃபா, அந்தப் பக்கம் இஸ்பஹான். நடுவில் 33 வளைவுகள் கொண்ட பிரமாண்டமான பாலம், இன்றைக்கும் இருக்கு. ஒரு பாலம் ஊருக்கு என்ன செய்யும் என்று சின்ன வயசிலேயே பார்த்து வளர்ந்தவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அவருடைய வியாபாரம் மணிலா வரை நீண்டது. அப்போது பிலிப்பைன்ஸ் ஸ்பெயின் வசம். ஆங்கிலேயர்கள் அங்கே நேரடியாகக் கடைவிரிக்க முடியாது, ஆர்மீனியர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் மெட்ராஸிலிருந்து துணி போகும், மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்கு வந்து சேர்ந்த வெள்ளி திரும்பி வரும். இடையில் நிற்பவர்களுக்கு நல்ல லாபம். 1720-களில் உஸ்கான் மெட்ராஸிலேயே தங்கிவிட்டார்.

30,000 வராகன்

அவர் பக்தியான கத்தோலிக்கர். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் அடையாற்றைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் குறைவாக இருந்தால் இறங்கி நடக்கலாம், மழைக்காலத்தில் முடியாது. பாலத்துக்கு அவர் செலவழித்தது 30,000 வராகன், எல்லாம் தங்கக் காசு. அதோடு பரங்கிமலை மேலே ஏற 160 படிகளும் கட்டிக்கொடுத்தார். பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்று பெயர் வந்தது. மாம்பலம்தான் வெளிநாட்டுக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 30,000 இல்லை. பராமரிப்புக்கு என்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கிவைத்தாரே, அதுதான். கட்டித் திறந்து, பெயர்ப் பலகை வைப்பதோடு அவர் நிறுத்தவில்லை. தான் போன பிறகு கல் பெயர்ந்தால் யார் பார்ப்பது என்பதையும் யோசித்திருக்கிறார். இன்றைக்கு டெண்டர் விடும்போதுகூட எல்லோரும் யோசிக்கிற விஷயமா அது?

எல்லாம் போன மூன்று வருஷம்

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் நகரத்தைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லித் தன் மகன் தலைமையில் பெரிய படையை அனுப்பினார். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சண்டை. சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை ஆற்றில் இறங்கிக் கடந்துவந்து நவாப் படையை ஓடவைத்தது.

உஸ்கானின் சொத்துகள் பறிபோயின. பாண்டிச்சேரிக்கு வந்து குடியேறினால் எல்லாம் திருப்பித் தருகிறோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஆசை காட்டினார்கள். அவர் போகவில்லை. வியாபாரியாகக் கணக்குப் போட்டால் அது நஷ்டமான முடிவு, மெட்ராஸ் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஆனாலும் மறுத்துவிட்டார்.

1749 ஆகஸ்ட் 3. நம்ம ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். எதிரில் நின்றது சந்தா சாகிப்பும் முசாஃபர் ஜங்கும், கூடவே பிரெஞ்சுப் படை. கர்நாடகப் பகுதியின் அரசியலே அன்றைக்குத் தலைகீழானது. ஐரோப்பாவில் போட்ட ஓர் ஒப்பந்தத்தால் அதே ஆண்டில்தான் மெட்ராஸ் ஆங்கிலேயர்களிடம் திரும்பி வந்தது.

வந்தவுடன் அவர்கள் செய்த வேலை, கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் குடியிருப்பிலிருந்து கத்தோலிக்கர்களையும் ஆர்மீனியர்களையும் வெளியேற்றியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சந்தேகம். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பெருமைதான், ஆனால் தன்னோட ஆட்கள் எல்லோரும் போன தெருவில் தனியாக இருப்பது எப்படி இருந்திருக்கும்?

இதயம் ஒரு ஊரில், உடல் ஒரு ஊரில்

1751 ஜனவரி 15-ல் உஸ்கான் இறந்தார். வேப்பேரியில் அவர் கட்டிய சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் தனியாக எடுத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். மெட்ராஸை விட்டுப் போக மறுத்த மனுஷன், பிறந்த ஊரையும் விட்டுவிடவில்லை. அந்த ஆலயத்தைப் பிறகு கம்பெனி புராட்டஸ்டன்ட் மிஷனரிகளிடம் கொடுத்தது. தமிழ் அகராதி தொகுத்த ஃபப்ரீஷியஸ் இருந்தது அங்கேதான்.

பாலம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1960-களில் அதை எடுத்துவிட்டு இப்போதைய பாலத்தைக் கட்டினார்கள். போக்குவரத்து பெருகிவிட்டது, அகலமான பாலம் தேவைதான். ஆனால் பழசை ஓரமாக விட்டுவைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் வராமல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி, பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியபோது மழைக்காலத்தில் இந்த ஆற்றைக் கடப்பது என்றால் என்னவென்று சென்னைக்கு மறுபடி தெரிந்தது.

மிச்சம் இருப்பது ஒரு நினைவுக்கல். பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழிகளில் எழுதியிருக்கு, தமிழில் இல்லை. பாலத்தின் சைதாப்பேட்டை முனையில், பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாது, இறங்கித் தேட வேண்டும். நேரம் குறைவு என்றால் வேப்பேரி போகலாம். சென்ட்ரலிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். புனித மத்தியாஸ் ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கு.