கிட்டப்பாவின் குரலைக் கேட்க ஓர் ஊசி வேணும்

செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா, அன்றைய நாடக மேடையின் சூப்பர் ஸ்டார். கொழும்பில் கே.பி.சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார், பிறகு திருமணம். 1933 டிசம்பர் 2-ல் இறந்தபோது வயசு 27தான். சினிமாவில் அவர் நடிச்சதே இல்லை. மிஞ்சியது 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகள், ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்.

ஜொகூரில் தாத்தா வீட்டு கிராமபோனில் அதைப் போட்டுக் கேட்க ஆசையா? ஸ்பிரிங் அறுந்திருந்தா, அதே அகலத்தில், அதே கனத்தில் வேறொன்று தேடணும். சவுண்ட் பாக்ஸில் இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாத்தணும். இதெல்லாம் பொறுமைக்கான வேலை.

ஊசி விஷயம் வேற. எஃகு ஊசியை ஒரு பக்கம் ஓடினதும் தூக்கிப் போட்டுடணும். மிச்சம் பிடிக்கிறேன்னு தேய்ஞ்ச ஊசியை வச்சா, அது தட்டின் பள்ளத்தைச் சுரண்டிடும். அந்தக் குரல் திரும்பாது. புது எஃகு ஊசிகள் இன்னமும் தயாராகுது. முதல்ல அதை வாங்குங்க.