ஆஸ்கர் பார்னாக்

ஜெர்மனி நாட்டில் 1879 ஆம் ஆண்டில் பிறந்த ஆஸ்கர் பார்னாக், வெட்ஸ்லர் நகரில் நுண்பெருக்கி செய்யும் லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றினார். இயற்கைக் காட்சிகளைப் புகைப்படம் எடுப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. ஆயின், அக்காலக் கருவியும் கண்ணாடித் தகடுகளும் பெருஞ்சுமை. அவரோ மூச்சிரைப்பு நோயால் நலிந்தவர்.

கலையைக் கைவிட மனமின்றிச் சுமையைக் குறைக்க வழி தேடினார். திரைப்படத்திற்குரிய 35 மில்லிமீட்டர் சுருளில் சிறுபடம் எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்கலாம் எனத் தெளிந்து, 1914 ஆம் ஆண்டிற்குள் கைக்கடங்கிய கருவியொன்றை ஆக்கினார். பெரிதாக்கினும் படம் மங்காதிருக்க, மாக்ஸ் பெரெக் என்னும் அறிஞர் சிறந்த வில்லையை அமைத்தார். நாடு நலிந்திருந்த 1924 இல், ஆலைத்தலைவர் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அதனை உற்பத்தி செய்யத் துணிந்தார். 1925 இல் லைக்கா என்னும் பெயருடன் அது வெளிவந்தது.

பார்னாக் 1936 இல் மறைந்தார். வில்லையைக் கையால் திருப்பிப் படமெடுக்கும் அப்பழங்கருவிகளைப் போற்றி மகிழ்வோர் இன்றும் உளர். உடல் தளரினும் உள்ளம் தளராதார் புகழ் அழிவதுண்டோ?